ஆற்காட்டுச் சீமையில் சிலுவை – 17: கட்டளையில் இல்லாத திருநாள்

ஆரணிக்கு வெளியே 1751 டிசம்பர் தொடக்கத்தில் நடந்த சண்டையைச் சென்ற இதழில் பார்த்தோம். ஒரு பக்கம் ராபர்ட் கிளைவ், அவருக்குத் துணையாக மராத்தியக் குதிரைப்படை. எதிரே சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப், அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரர்கள். வென்றது கிளைவ். ஆனால் வெள்ளைக்காரர் இரு தரப்புக்கும் நடுவே பீரங்கியால் தீர்க்க முடியாத பிணக்கு ஒன்றும் அந்த மாதத்தில் இருந்தது. இன்றைக்கு என்ன தேதி என்பதில்கூட அவர்கள் ஒத்துப்போகவில்லை.

1582-இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். கத்தோலிக்க நாடுகள் ஏற்றுக்கொண்டன. போப்பாண்டவர் சொல்லிச் சூரியன் கேட்டாலும் கேட்கட்டும், நாங்கள் கேட்பதாக இல்லை என்று இங்கிலாந்து 170 ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தது. 1752 செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று சட்டம் போட்ட பிறகுதான் கும்பெனியின் கணக்கேடுகளும் மாறின. ஆகவே ஆரணிப் போர் நடந்த அந்த ஆண்டில், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் நள்ளிரவுப் பூசைக்கு மணி அடித்தபோது, ஒரு நாள் நடைக்குள் இருந்த கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயருக்கு அது டிசம்பர் நடுவில் ஏதோ ஒரு சாதாரண நாள். அவர்களுடைய கிறிஸ்துமஸுக்கு இன்னும் 11 நாள் பாக்கி. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்களும் ஜெர்மானியப் பாதிரிகளும் லுத்தரன்கள். ஆனால் டென்மார்க் 1700-லேயே புது நாட்காட்டிக்கு மாறிவிட்டதால், பண்டிகைத் தேதியில் மட்டும் அவர்கள் புதுச்சேரிக் கத்தோலிக்கர்களோடு ஒத்துப்போனார்கள். சென்னைப்பட்டினத்து ஆர்மீனிய வணிகர்களின் கணக்கு இன்னொன்று. அவர்கள் சபை கிறிஸ்துவின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்து ஜனவரி 6-இல் கொண்டாடும். பழைய நாட்காட்டியின் ஜனவரி 6 என்றால் புதுச்சேரிக் கணக்கில் ஜனவரி 17.

ஆக, ஒரே கடற்கரையில் ஒரே பருவத்தில் ஒரே பிறப்புக்கு மூன்று நாள்கள். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துப் பழகிய ஆற்காட்டுச் சீமைக் குடியானவனுக்கு இது வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் தேதிப் பிணக்கு மேல்தோல்தான். உள்ளே அதைவிட ஆழமான ஒரு வழக்கு கிறிஸ்தவர்களுக்குள் பல நூற்றாண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. வேதம் கட்டளையிடாத ஒரு நாளைத் திருநாள் என்று சபை அறிவிக்கலாமா? ஆரணி, போளூர், சந்தவாசல் பக்கத்துக் கிராமங்களுக்குக் கிறிஸ்துமஸ் எந்த வழியாக வந்தது என்று தேடிப் போனால் அந்த வழக்கின் நடுவில்தான் போய் நிற்போம். அதனால் இந்த இதழில் கொஞ்சம் சுற்றுவழி.

புதிய ஏற்பாட்டில் கிறிஸ்து பிறந்த கதை மத்தேயுவிலும் லூக்காவிலும் மட்டுமே உண்டு. மாற்கு நேரே யோர்தான் ஆற்றங்கரையில் தொடங்கிவிடுகிறார். யோவான் படைப்புக்கும் முந்தைய காலத்துக்குப் போய்விடுகிறார். பிறப்பைச் சொல்லும் இருவரும் மாதம், தேதி எதையும் சொல்லவில்லை. லூக்காவில் மேய்ப்பர்கள் இரவில் வயல்வெளியில் கிடை காத்தார்கள் என்று வருகிறது. அதை வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் கிடை போடுவார்களா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். ஆதிச் சபைக்கு இது ஒரு கேள்வியாகவே இருக்கவில்லை. அவர்களுக்குப் பெரிய நாள் உயிர்த்தெழுதல் நாள். ரத்தசாட்சிகளைக்கூட அவர்கள் இறந்த நாளில்தான் நினைவுகூர்ந்தார்கள்.

200-ஆம் ஆண்டு வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, கிறிஸ்து பிறந்த நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் சிலரைப் பற்றி எழுதுகிறார். சிலர் மே 20 என்கிறார்களாம், சிலர் ஏப்ரல் 19 அல்லது 20 என்கிறார்களாம். டிசம்பர் என்ற பேச்சே அங்கே இல்லை. அவருக்குப் பின் வந்த ஒரிகெனுக்குப் பிறந்தநாள் கொண்டாட்டமே பிடிக்கவில்லை. வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான், இரண்டு விருந்திலும் ஓர் உயிர் போயிற்று, நல்லவர்கள் யாரும் அப்படிக் கொண்டாடவில்லை என்பது அவர் வாதம். நம் ஊரில் கேக் வெட்டுவதைக் கண்டிக்கும் உபதேசியார்களில் சிலர் தமக்குத் தெரியாமலே ஒரிகெனின் சீடர்கள்.

டிசம்பர் 25 முதலில் தலைகாட்டுவது ரோமாபுரியில், 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டிப் புத்தகத்தில். பிலோகாலுஸ் என்ற எழுத்துக்கலைஞர் ஒரு செல்வந்தருக்காக அழகாக எழுதிக்கொடுத்தது. அதில் உள்ள ரத்தசாட்சிகள் பட்டியல் 336-ஆம் ஆண்டில் உருவானது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பட்டியலின் தலைப்பிலேயே, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்த நாள் என்று டிசம்பர் 25 குறிக்கப்பட்டிருக்கிறது. அதே புத்தகத்தின் அரசுப் பண்டிகைப் பகுதியைப் புரட்டினால், அதே டிசம்பர் 25 வெல்லப்படாதவனின் பிறந்தநாள் என்றும், அன்று 30 தேர்ப் பந்தயங்கள் என்றும் இருக்கிறது. வெல்லப்படாதவன் என்பது சூரியதேவன்.

வம்பு இங்கேதான் ஆரம்பம். பேரரசன் ஔரேலியன் 274-இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எடுத்தான். சபை அந்தப் பண்டிகையை எடுத்துப் பெயர் மாற்றிக்கொண்டது என்பது ஒரு கட்சி. இன்று வாட்ஸ்அப்பில் டிசம்பர்தோறும் சுற்றுவது இந்தக் கட்சியின் வாதம்தான். நாத்திகரும் அனுப்புகிறார்கள், கிறிஸ்துமஸ் வேண்டாம் என்கிற கிறிஸ்தவரும் அனுப்புகிறார்கள். சாத்தர்னாலியா என்ற ரோமப் பண்டிகையையும் கூடவே இழுத்து வருவார்கள். அது டிசம்பர் 17-இல் தொடங்கி 23-இல் முடிந்துவிடும், 25-ஐத் தொடவே தொடாது.

எதிர்க்கட்சி கணக்குக் கட்சி. கிறிஸ்து சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று மேற்கே தெர்த்துல்லியன் காலத்திலேயே, அதாவது 200-ஐ ஒட்டி, ஒரு கணக்கு இருந்தது. கர்ப்பத்தில் வந்த நாளும் உயிர் நீத்த நாளும் ஒன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே சிலர் மரண நாளை ஏப்ரல் 6 என்று வைத்தார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் ஜனவரி 6, ஆர்மீனியர்களின் நாள்! அகஸ்டின் தம் நூலொன்றில் இந்த மார்ச் 25 கணக்கை வெளிப்படையாகவே சொல்கிறார். 1889-இல் ஜெர்மனியில் ஹெர்மன் உசெனர் சூரியக் கட்சிக்கு ஒரு நூல் எழுத, அதே ஆண்டு பிரான்சில் லூயி துஷேன் கணக்குக் கட்சிக்கு எழுதினார். ஆய்வுலகம் அன்றிலிருந்து இந்த இரண்டு கரைக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கிறது.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். சூரியக் கட்சியின் வாதம் பரவியிருக்கும் அளவுக்கு அதற்குச் சான்று கிடையாது. டிசம்பர் 25-இல் சூரியனுக்கு விழா இருந்தது என்பதற்கும், அன்று கிறிஸ்து பிறந்தார் என்பதற்கும் கிடைக்கும் முதல் சாட்சி ஒரே புத்தகம். எது எதைப் பார்த்து வந்தது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. சபை வேண்டுமென்றே பண்டிகையை மாற்றியது என்று நேராகச் சொல்லும் குறிப்பு 12-ஆம் நூற்றாண்டுச் சிரியக் கையெழுத்துப்படி ஒன்றின் ஓரத்தில்தான் வருகிறது, 800 ஆண்டு பிந்தி. இன்னொரு துப்பும் உண்டு. வட ஆப்பிரிக்காவில் 311-ஐ ஒட்டிப் பிரிந்துபோன தொனாத்துக் கட்சியினர் ஜனவரி 6 விழாவைக் கொண்டாடுவதில்லை என்று அகஸ்டின் குறை சொல்கிறார். டிசம்பர் 25-ஐப் பற்றி அப்படிக் குறை சொல்லவில்லை. அப்படியானால் பிரிவினைக்கு முன்பே அங்கே டிசம்பர் விழா இருந்திருக்கலாம். கான்ஸ்தந்தீன் வருவதற்கு முன்பே என்று பொருள். ஆனால் கணக்குக் கட்சியிலும் ஓட்டை இருக்கிறது. விழா பரவிய பின் கணக்குச் சொல்கிறவர்கள் கிடைக்கிறார்களே தவிர, கணக்குப் போட்டுத்தான் விழாவைத் தொடங்கினோம் என்று சொல்லும் ஆதி எழுத்தாளர் ஒருவரும் கிடைக்கவில்லை.

சூரியன் முழுக்க விலகியும் போகவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் பெரிய சிங்கராயர், லத்தீனில் லியோ, ஒரு கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் ரோமாபுரி விசுவாசிகளைக் கடிந்துகொள்கிறார். பேதுரு ஆலயத்துப் படிகளில் ஏறி வருகிறவர்கள் மேலே போனதும் திரும்பி நின்று உதயசூரியனுக்குத் தலைவணங்கிவிட்டு, பிறகு உள்ளே போகிறார்களாம். ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆன பிறகும் உடம்பு பழைய வழக்கத்தை விடவில்லை. மிஷன் காலத்துப் பாதிரிகள் தங்கள் சபையாரைப் பற்றி எழுதிய புலம்பல்களைப் படித்தவர்களுக்கு இது பழகிய குரல்தான்.

கிழக்கே அந்தியோக்கியாவில் 386-இல் யோவான் கிறிசோஸ்தோம் இந்த விழாவை ஆதரித்துப் பிரசங்கிக்கும்போது, இது நம்மிடம் வந்து பத்தாண்டுகூட ஆகவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். புதுப் பண்டிகை எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் அன்றே இருந்தார்கள். ஆனால் அந்த நூற்றாண்டில் விழாவுக்கு ஒரு வலுவான தேவை இருந்தது. கிறிஸ்து படைக்கப்பட்டவரா, கடவுளே மனிதரானவரா என்று ஆரியுஸ் கிளப்பிய சண்டையில் சபையே இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஆண்டுதோறும் ஒரு நாளை வைத்துக் கடவுள் குழந்தையாகப் பிறந்தார் என்று ஊர் கூடி அறிக்கையிடுவது, அந்தச் சண்டையில் ஒரு பக்கம் நின்று பேசுவதும் ஆகும். கிறிஸ்துமஸின் பொருள் என்ன என்று கேட்டால் பழைய சபைகள் இன்றும் சொல்லும் பதில் அதுதான்: பிறந்தநாள் என்பது இரண்டாம் பட்சம், மனுவுருவான மறைபொருளே விழா.

இனி 16-ஆம் நூற்றாண்டுக்கு ஒரு தாவல். லுத்தருக்குக் கிறிஸ்துமஸ் பிடித்தமான விழா. பிள்ளைகளுக்காக அவரே பாட்டுக் கட்டினார். ஆனால் சூரிச்சிலும் ஜெனீவாவிலும் எழுந்த சீர்திருத்தத்தின் அளவுகோல் வேறு. வேதத்தில் கட்டளை இருக்கிறதா? இருந்தால் செய், இல்லாவிட்டால் விடு. 1550-இல் ஜெனீவா நகர மன்றம் ஞாயிறு தவிர எல்லாத் திருநாள்களையும் ஒழித்தது. இதில் தமக்குப் பங்கில்லை என்று கால்வின் கடிதம் எழுதினார். ஆனாலும் அந்த டிசம்பர் 25 வியாழக்கிழமை வழக்கத்தைவிடக் கூட்டம் கூடியதைக் கண்டு, மற்ற நாளில் வராத நீங்கள் இன்றைக்கு மட்டும் ஏன் வந்தீர்கள் என்று பீடத்தில் இருந்தபடியே சபையைக் கேட்டார். ஸ்காட்லாந்து 1560-இல் கிறிஸ்துமஸை நீக்கியது. அங்கே அது மறுபடியும் பொது விடுமுறை ஆனது 1958-இல்தான். இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் கை ஓங்கியதும் 1647-இல் நாடாளுமன்றம் அதை ஒழிக்க, கான்டர்பரியில் மக்கள் கலகம் செய்தார்கள், கடை திறந்தவர்களின் சரக்கு தெருவில் வீசப்பட்டது. அட்லாண்டிக்கைக் கடந்துபோன பியூரிட்டன்கள் இன்னும் கண்டிப்பு. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-இல் போட்ட சட்டப்படி, கிறிஸ்துமஸ் அன்று வேலைக்குப் போகாமல் விருந்து சமைத்தால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1681-இல் சட்டம் போனது, மனசு போகவில்லை. அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் சட்டப்படி விடுமுறையானது 1856-இல்.

நெதர்லாந்து மட்டும் ஒரு நடுவழி கண்டது. ஆற்காட்டுச் சீமைக்கு வேண்டியது அந்த வழிதான். அங்கேயும் சீர்திருத்த சபையார் முதலில் ஞாயிறு போதும் என்றுதான் சொன்னார்கள். 1574-இல் டோர்ட் நகரில் கூடிய மாகாணச் சங்கத்தின் முடிவு அது. கிறிஸ்துவின் பிறப்பைப் பற்றிக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு பிரசங்கித்தால் போதுமாம். ஆனால் அரசாங்கம் விடுமுறையை விடவில்லை, ஜனங்களும் விடவில்லை. குருமார் கதவைச் சாத்தினால் ஜனங்கள் சாராயக் கடைக்குப் போனார்கள். எனவே அடுத்தடுத்த சங்கங்களில் பேச்சு மாறியது: வீண்பொழுது போவதைவிடப் பிரசங்கம் நடப்பது மேல். 1619-இல் டோர்ட் பெருஞ்சங்கம் வகுத்த சபை ஒழுங்கின் 67-ஆம் விதி, ஞாயிறோடு கூடக் கிறிஸ்து பிறப்பு, உயிர்த்தெழுதல், பெந்தெகொஸ்தே நாள்களையும் அவற்றின் மறுநாள்களையும் அனுசரிக்கச் சொல்கிறது. கொள்கைப்படி தள்ளியதை நடைமுறை கருதிச் சேர்த்துக்கொண்டார்கள். இப்படி மனமில்லாமல் தொடங்கியவைதான் பல நேரம் நிலைத்துவிடுகின்றன. நியூயார்க்கில் குடியேறிய டச்சுக்காரர்கள் இந்த வழக்கத்தோடுதான் கடல் கடந்தார்கள்.

அந்த டச்சுச் சீர்திருத்த சபையின் பிள்ளைதான் டாக்டர் ஜான் ஸ்கட்டர். 1819-இல் மருத்துவத் தொழிலை உதறிவிட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். அங்கே பண்டத்தரிப்பில் இருந்தார், 1836-இல் சென்னைக்கு மாறினார். அவர் மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர் பிறந்தது பண்டத்தரிப்பில், 1822-இல். ஹென்றியும் அவர் தம்பிகள் வில்லியமும் ஜோசப்பும் 1853-இல் தொடங்கியது ஆற்காடு மிஷன். வேலூர், சித்தூர், ஆரணி ஆகியவை அதன் ஆரம்பகால நிலையங்கள். வேலூர் மருத்துவமனையை எழுப்பிய ஐடா ஸ்கட்டர் இந்தக் குடும்பத்தின் பேத்தி.

இதில் ஒரு தற்செயல் உண்டு. ஜான் ஸ்கட்டரை அனுப்பிய அமெரிக்கன் போர்டு என்ற அமைப்பில் பெரும்பாலோர் நியூ இங்கிலாந்துக்காரர்கள், பியூரிட்டன் வழிவந்த காங்கிரிகேஷனல் சபையார். யாழ்ப்பாணத்தில் 1816 முதலும் மதுரையில் 1834 முதலும் வேலை செய்தவர்கள் அவர்கள். டிசம்பர் 25-இல் கடை திறந்திருந்த ஊர்களில் வளர்ந்தவர்கள். சென்னையில் 1837-இல் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர், அவர் நாட்டுச் சபையும் அதே மாதிரிதான். ஆற்காட்டுச் சீமைக்கு வாய்த்தவர்களோ, 67-ஆம் விதியைக் கையில் வைத்திருந்தவர்கள். அந்த மூன்று சகோதரர்கள் தங்கள் தகப்பனாரின் சபைக்குப் பதிலாக மற்ற அமெரிக்கர்களின் சபைக்குப் போயிருந்தால், ஆரணி வட்டாரத்துக் கிறிஸ்துமஸ் பரம்பரைக் கணக்குப்படி சண்டைக்குரியதாக இருந்திருக்கும்.

பண்டிகை வேண்டும் என்று முடிவான இடங்களிலும் அதை எப்படிக் கொண்டாடுவது என்ற சண்டை ஓயவில்லை. அதற்குத் தஞ்சாவூரைப் பார்க்க வேண்டும். வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் வளர்ப்பு. 1800-இல் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். தமிழ்ப் பாட்டும் பூவும் இல்லாத பண்டிகை என்ன பண்டிகை என்று வளர்ந்தவர். 1820-களில் புதிதாக வந்த பாதிரிகள் திருநாளுக்கும் கல்யாணத்துக்கும் பூ வைப்பது அஞ்ஞானம் என்றார்கள், கோயிலில் அவர் பாட்டுகளைத் தடுத்தார்கள். கொதித்துப்போன சாஸ்திரியார் அவர்களுடைய கொடுமைகள் என்று நான்கைப் பட்டியலிட்டார். வேத மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொன்னது, பூவை விலக்கியது, தமிழ்ப் பாட்டை நிறுத்தியது. பூவுக்கும் பாட்டுக்கும் அவரோடு நிற்கலாம். சாதி விஷயத்தில் பாதிரிகள் பக்கம்தான் நியாயம். இரண்டையும் ஒரே பட்டியலில் அவர் வைத்ததுதான் அந்தக் காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவத்தின் சங்கடம். இன்று சாஸ்திரியார் பாடல்கள் இல்லாமல் தமிழ்ச் சபைகளில் பண்டிகைக்காலம் நகராது, பூவும் திரும்பி வந்துவிட்டது. சாதியும் பல இடங்களில் போகாமல் இருக்கிறது.

ஆற்காடு மிஷனில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த மக்கள், பண்ணையில் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் முதலில் துரைமார் பண்டிகையாகத்தான் கண்ணில் பட்டிருக்கும். எலுமிச்சம்பழமும் மாலையுமாகப் போய்க் கச்சேரி வாசலில் நிற்கும் நாள். அதுவே சேரியின் பண்டிகையாக மாறியதற்குக் கதைக்கே ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். சத்திரத்தில் இடமில்லை என்று வெளியே நிறுத்தப்பட்டவர்கள், மாட்டுத் தொழுவம், செய்தி முதலில் போனது கிடை காத்தவர்களுக்கு. இதை விளக்க அவர்களுக்குப் பாதிரியார் தேவைப்பட்டிருக்காது. பின்னாளில் சென்னை குருகுலம் இறையியல் கல்லூரியில் இருந்து அர்விந்த் நிர்மல் இந்த வாசிப்புக்குத் தலித் இறையியல் என்று அறிவுலக வடிவம் கொடுத்தார். 1980-களில் அவர் முன்வைத்த வாதங்களில் ஒன்று இயேசுவின் வம்ச அட்டவணையைப் பற்றியது: தாமார், ராகாப் என்று ஊர் இகழ்ந்த பெண்கள் இருக்கும் அந்த வரிசையே அவர் யாருடைய மனிதர் என்பதைச் சொல்கிறது என்றார். 386-இல் அந்தியோக்கியாவில் பேசிய பொருளும் இதுவும் ஒன்றா என்று கேட்டால், வேர் ஒன்று. கடவுள் மனிதரானார் என்று அங்கே நின்றுவிடுகிறார்கள், எந்த மனிதராக என்று இங்கே கேட்கிறார்கள்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் சந்தவாசலில் இறங்கிப் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஜவ்வாது மலை அடிவாரம். டிசம்பர் கடைசியில் இங்கே மார்கழி. விடியற்காலையில் பெருமாள் கோயில் பஜனை, முன்னிரவில் சபையாரின் பாட்டுப் பவனி. நகரத்துச் சபைகள் இதைக் கேரல் என்று ஆங்கில வழியில் சொன்னாலும், வீடு வீடாகப் போய் நின்று பாடி, பாடினவர்களுக்கு ஏதாவது குடிக்கக் கொடுத்து அனுப்பும் வழக்கத்துக்கு இந்த மண்ணில் ஏற்கெனவே இடம் இருந்தது. மார்கழியில் இந்துக்கள் கல்யாணம் வைப்பதில்லை. கத்தோலிக்கரும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்தில் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது பழைய வழக்கம். ஆரணிப் பட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முகூர்த்தம் இல்லை! தறிக்காரர் அப்போது நெய்வதெல்லாம் தை முகூர்த்தத்துக்கு.

கத்தோலிக்கருக்கு வேலூர் மறைமாவட்டம் 1952-இல் தனியாக வந்தது. அவர்களின் நள்ளிரவுப் பூசை, குடில் இரண்டும் இந்தத் தொடரில் ஏற்கெனவே வந்துவிட்டதால் இங்கே விரிக்கவில்லை. குடிலை ஜனங்களுக்குப் பழக்கியது 1223-இல் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அப்போது அவர் வைத்தது பொம்மை மாடு அல்ல, உயிருள்ள மாடும் கழுதையும்.

கொண்டாடாத கிறிஸ்தவர்களும் இங்கே உண்டு, அவர்களுக்கும் இந்தச் சீமையில் பழைய வேர் இருக்கிறது. பிளைமவுத் சகோதரர் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் 1830-களின் பிற்பகுதியில் சித்தூரில் குடியேறிப் பண்ணை வைத்து வாழ்ந்தவர். அந்த வழிச் சபைகள் வாரந்தோறும் அப்பம் பிட்பதை மட்டுமே ஆண்டவர் கட்டளையாக வைத்திருக்கின்றன. சபை ஆண்டுத் திருநாள் எதையும் நியமிப்பதை அவை பொதுவாக ஏற்பதில்லை. 1920-களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தமிழ்நாடெங்கும் பரவியபோது, கிறிஸ்துமஸ் வேண்டாம் என்ற குரல் இன்னும் உரத்துக் கேட்டது. அவர்கள் எடுத்துக்காட்டுவது, நாள்களையும் மாதங்களையும் பார்க்கிறீர்களே என்று கலாத்தியரைப் பவுல் கடிந்துகொண்ட இடம். எதிர்த்தரப்பார் காட்டுவது, ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், இருவரும் கர்த்தருக்காகவே செய்யட்டும் என்று அதே பவுல் ரோமருக்கு எழுதிய இடம். கால்வின் காலத்துக் கட்சிக்காரர்கள் பிரித்துப் படித்த அதே இரண்டு நிருபங்கள். மரம் வெட்டி அலங்கரிப்பதைக் கண்டிக்கும் எரேமியா பத்தாம் அதிகாரத்தைக் கிறிஸ்துமஸ் மரத்தோடு முடிச்சுப் போடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அது சிலை செய்வதைப் பற்றியது என்பது அந்த அதிகாரத்தைத் தொடர்ந்து படித்தாலே தெரியும்.

பழைய எதிர்ப்பாளர்கள் கதை இன்னும் சுவையானது. 1908-இல் காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனபோது, ஆற்காடு மிஷன் சபைகளும் அதில் இருந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளும் கூடிச் சி.எஸ்.ஐ. பிறந்தது. மாசசூசெட்ஸில் ஐந்து ஷில்லிங் அபராதம் போட்டவர்களின் வழி, ஸ்காட்லாந்தில் ஒழித்தவர்களின் வழி, டோர்ட்டில் நடுவழி கண்டவர்களின் வழி, கான்டர்பரியில் எந்தத் திருநாளுக்காகக் கலகம் நடந்ததோ அதே திருநாளை விடாமல் வைத்திருந்த ஆங்கிலிக்கன் வழி, எல்லாம் ஒரே சபைக்குள். திருநாள் அட்டவணை என்று வந்ததும் ஆங்கிலிக்கன் பக்கமே வென்றது. இன்று ஆரணிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. கோயிலில் டிசம்பர் 25 விடியலில் புதுத்துணியோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் அவர்கள் ஞானப் பாட்டனார்களில் பாதிப்பேர் இதைத் தடைசெய்தவர்கள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஐக்கியத்தில் சேராமல் நின்ற பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றி ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். வேதத்தில் கட்டளை இல்லை என்று 25-ஆம் தேதி கதவு திறக்காத சபைகளிலும், 31-ஆம் தேதி இரவு பலவற்றில் உள்ளே நிற்க இடம் கிடைப்பதில்லை. அந்த இரவுக்கு வேதத்தில் எங்கே கட்டளை? அது தொடங்கியது ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில், 1733-இல், மொராவியர்களிடம். அங்கிருந்து வெஸ்லியிடம் போய், அவர் வழியாக எங்கெங்கோ சுற்றி நம் ஊருக்கு வந்தது. அடுத்த இதழில் ஹெர்ன்ஹூட்.

(தொடரும்)